கைநாட்டும் கையெழுத்தும்

(வேலை செய்யும் இடத்தில் மரியாதை. தொடர்கல்வி மையங்களில் கூடிப் படிக்க ஓர் உரை)



இன்றைய பேச்சு ஒரு ரயில் நிலையத்தில் தொடங்குகிறது.

மாரிகுப்பம் ரயில் நிலையம். விடியற்காலை. இன்னும் இருட்டு விலகவில்லை. கையில் சாப்பாட்டுப் பை. தோளில் துப்பட்டா. பெண்கள் வேகமாக நடந்து வருகிறார்கள். ஆண்களும் வருகிறார்கள். எல்லாரும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

ஏன் இவ்வளவு தூரம் போகிறார்கள்? காரணம் எல்லாருக்கும் தெரியும். கோலார் தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 120 ஆண்டுகள் சோறு போட்ட சுரங்கம் அது. மூடிய பிறகு ஊரில் வேலை குறைந்தது. குடும்பங்கள் பெங்களூரு ரயிலை நம்பத் தொடங்கின.

அந்த ரயிலில் ஒரு பெண் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயர் வேண்டாம். பெயர் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது பிறகு தெரியும்.

அவர் துணி தைக்கும் கம்பெனியில் ஹெல்பர். நூல் வெட்டுவார். துணியை எடுத்துக் கொடுப்பார். வயது முப்பதுக்கு மேல். இரண்டு பிள்ளைகள். சின்ன வயதில் பள்ளிக்குப் போகவில்லை. அறிவொளி வகுப்பில்தான் எழுதப் படிக்கக் கற்றார். முதலில் கைநாட்டு வைத்தவர். இப்போது கையெழுத்துப் போடுகிறார்.

அன்று அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசவில்லை. பக்கத்தில் ஓர் அக்கா. அதே கம்பெனியில் பல ஆண்டுகளாக டெய்லர்.

"என்ன தங்கச்சி, முகம் வாடிக் கெடக்கு? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லன்னா கண்ணு ஏன் கலங்குது?"

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. ரயில் பங்காருபேட்டையைத் தாண்டியது. அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார்.

"நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வரல அக்கா. அந்த சூப்பர்வைசர் சரியில்ல. பக்கத்துல வந்து நிக்கிறான். தோள்ல கை வைக்கிறான். நேத்து ஸ்டோர் ரூமுக்குத் தனியா வரச் சொன்னான். நான் போகல. அதுக்கு எல்லார் முன்னாலயும் அசிங்கமாப் பேசிட்டான். சொன்னபடி கேக்கலன்னா சீட்டைக் கிழிச்சிடுவேன்னு சொல்றான்."

"வீட்ல சொன்னியா?"

"எப்படிக்கா சொல்றது? சொன்னா, வேலைக்கே போக வேணாம்னு சொல்லிடுவாரு. பசங்களுக்கு ஃபீஸ் கட்டணும். வாடகை கொடுக்கணும்."

அக்கா அவருடைய கையைப் பிடித்தார்.

"தப்பு செஞ்சது அவன். வேலையை நீ ஏன் விடணும்?"

இந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு. தப்பு செய்தது ஒருவர். வேலையை விடுவது இன்னொருவர். இது நியாயமா?

தங்கவயலின் பழைய கதை

இந்தக் கேள்வி தங்கவயலுக்குப் புதியது இல்லை.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி இங்கே வந்தது. சுரங்கம் தோண்ட ஆள் வேண்டும். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கங்களில் இருந்து ஏழை மக்கள் வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள். ஊரில் சாதிக் கொடுமை. நிலம் இல்லை. பஞ்சம் வேறு. சுரங்கத்துக்கு வந்தால் கூலி கிடைக்கும் என்று வந்தார்கள்.

கூலி கிடைத்தது. மரியாதை கிடைக்கவில்லை.

வெள்ளைக்காரருக்குப் பெரிய பங்களா. தொழிலாளிக்கு மூங்கில் தட்டிக் குடிசை. வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம். ஆங்கிலோ இந்தியருக்கு ஒரு சம்பளம். தமிழ்த் தொழிலாளிக்கு மிகக் குறைந்த கூலி. பாறை வெடிக்கும் ஆபத்தோ எல்லாருக்கும் உண்டு. அதிலும் கீழே பாறையோடு போராடியவன் தமிழ்த் தொழிலாளிதான். வேலை முடிந்து மேலே வந்தால் உடம்பைச் சோதிப்பார்கள். தங்கம் திருடினானா என்று பார்ப்பார்கள். உழைத்தவனையே திருடனாக நினைத்தார்கள்.

வேலை ஒன்று. ஆனால் நடத்துவது வேறு வேறு. இதற்குப் பெயர்தான் பாகுபாடு.

1930-ஆம் ஆண்டு ஒரு புதிய உத்தரவு வந்தது. தொழிலாளர்கள் எல்லாரும் தங்கள் விரல் ரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்றது அந்த உத்தரவு. காவல் நிலையத்தில் குற்றவாளிகளிடம் எடுப்பது போல ரேகை எடுப்பதா? தொழிலாளர்கள் கொதித்தார்கள். வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் சுரங்கத்தில் இறங்கவில்லை. போராட்டம் ஏறக்குறைய மூன்று வாரம் நடந்தது.

கவனித்துப் பாருங்கள். அந்தப் போராட்டத்தைக் கிளப்பியது கூலிப் பிரச்சினை இல்லை. மரியாதைப் பிரச்சினை. பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மரியாதை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்போதே இங்கே எழுத்தை நம்பியவர்களும் இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் நடத்திய பத்திரிகை 'தமிழன்'. அவருக்குப் பின் அது நின்று போனது. 1926-ஆம் ஆண்டில் அது தங்கவயலில் இருந்து மறுபடி வரத் தொடங்கியது. அப்பாதுரையார் அதை நடத்தினார். சாதியால் வரும் இழிவை எதிர்த்து அது எழுதியது.

ரயிலில் போகும் அந்தப் பெண்ணின் பாட்டனாரும் சுரங்கத் தொழிலாளிதான் என்று வைத்துக்கொள்வோம். பாட்டனார் விரல் ரேகை வைக்க மறுத்தவர். பேத்தி கையெழுத்துப் போடக் கற்றவர். அந்தக் கையெழுத்து இப்போது எதற்கு உதவும்?

எது பாகுபாடு? எது துன்புறுத்தல்?

பாகுபாடு என்றால் ஓரவஞ்சனை. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் கொடுப்பது பாகுபாடு. "நீ அந்தச் சாதி. கக்கூஸ் கழுவும் வேலை உனக்குத்தான்" என்பது பாகுபாடு. சிலருக்கு மட்டும் தனி டம்ளர் வைப்பது பாகுபாடு. பிள்ளை உண்டானதும் வேலையை விட்டு நிறுத்துவது பாகுபாடு.

இவற்றைச் சட்டம் ஒப்புக்கொள்வது இல்லை. தீண்டாமையை ஒழித்தது நமது அரசியல் சட்டம். சமமான வேலைக்குச் சமமான சம்பளம் என்று 1976-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

பாலியல் துன்புறுத்தல் என்றால் என்ன? ஒரு பெண் விரும்பாதபோது அவரிடம் தவறாக நடப்பது.

தொடுவது, இடிப்பது, உரசுவது.
ஆசைக்கு இணங்கச் சொல்லிக் கேட்பது.
ஆபாசமாகப் பேசுவது, கேலி செய்வது.
ஆபாசப் படம் காட்டுவது, செல்போனில் அனுப்புவது.
கண்ணாலும் கையாலும் அசிங்கமாகச் சைகை காட்டுவது.

"சொன்னபடி கேட்டால் சம்பளம் கூட்டுவேன்" என்பதும் துன்புறுத்தல். "கேட்காவிட்டால் வேலையை விட்டு எடுப்பேன்" என்பதும் துன்புறுத்தல்.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். விளையாட்டா இல்லையா என்று சொல்ல வேண்டியது யார்? கஷ்டப்பட்டவர்தான்.

"அவள் ஏன் அப்போதே கத்தவில்லை?" என்றும் கேட்பார்கள். பயத்தில் வாய் வராது. சோறு போடும் வேலை போய்விடும் என்ற பயம் பெரிய பயம். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம் இல்லை.

சட்டம் எப்படி வந்தது?

இந்தச் சட்டம் தானாக வரவில்லை. ராஜஸ்தான் கிராமப் பெண் ஒருவர் பட்ட துன்பத்தில் இருந்து வந்தது.

அவர் பெயர் பன்வாரி தேவி. ஊர் பட்டேரி. மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர் கிராமப் பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. 1992-ஆம் ஆண்டு ஒரு பச்சைக் குழந்தையின் திருமணத்தைத் தடுக்கப் பார்த்தார். மேல்சாதி ஆண்களுக்குக் கோபம் வந்தது. சிலர் சேர்ந்து அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள்.

பன்வாரி தேவி வாயை மூடிக்கொள்ளவில்லை. காவல் நிலையம் போனார். நீதிமன்றம் போனார். 1995-ஆம் ஆண்டு கீழ் நீதிமன்றம் அந்த ஆண்களை வன்கொடுமைக் குற்றத்தில் இருந்து விடுவித்தது. ஊர் அவரை ஒதுக்கியது. அப்போதும் அவர் சொன்னதை மாற்றவில்லை.

பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. அவை கேட்ட கேள்வி இதுதான். வேலை பார்த்ததற்காக ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தது. வேலை செய்யும் பெண்ணுக்குப் பாதுகாப்பு கொடுப்பது யார்?

1997 ஆகஸ்ட் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதை விசாகா தீர்ப்பு என்பார்கள். வேலை செய்யும் இடத்தில் பெண்ணைக் காப்பது முதலாளியின் பொறுப்பு என்றது அந்தத் தீர்ப்பு. ஒவ்வொரு இடத்திலும் புகார் குழு வேண்டும் என்றது.

பிறகு 2013-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலில் இருந்து காக்கும் சட்டம் அது. 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் சட்டம் யாருக்கு? நிரந்தர வேலைக்காரருக்கு மட்டும் இல்லை. கான்ட்ராக்ட் வேலைக்கும் உண்டு. தினக்கூலிக்கும் உண்டு. வேலை பழகுகிறவருக்கும் உண்டு. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் உண்டு. கம்பெனி அனுப்பும் வேனும் பஸ்ஸும் கூட வேலை இடம்தான்.

எங்கே சொல்வது?

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமா? அங்கே உள்ளகக் குழு இருக்க வேண்டும். குழுவின் தலைவர் ஒரு பெண். குழுவில் பாதிப் பேராவது பெண்கள். வெளியில் இருந்தும் ஒருவர் இருப்பார். குழு அமைத்த உத்தரவை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பத்துப் பேருக்குக் குறைவான கடையா? வீட்டு வேலையா? தப்பு செய்தது முதலாளியேவா? அப்போது உள்ளூர்க் குழுவிடம் சொல்லலாம். மாவட்டம் தோறும் இந்தக் குழு உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை பெங்களூரில் என்றால் பெங்களூரு மாவட்டக் குழுவிடம் போக வேண்டும். வேலை தங்கவயலில் என்றால் கோலார் மாவட்டக் குழுவிடம் போக வேண்டும்.

காவல் நிலையத்துக்கும் போகலாம். இது குற்றமும் ஆகும். "இது எங்கள் எல்லை இல்லை" என்று காவல் நிலையம் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையமாக இருந்தாலும் புகாரை எழுதிக்கொள்ள வேண்டும். அவசரம் என்றால் 112-க்குப் போன் செய்யலாம். பெண்கள் உதவிக்கு 181. ரயிலில் தொல்லை என்றால் 139.

சாதி சொல்லித் திட்டினால், இழிவு செய்தால் தனிச் சட்டம் இருக்கிறது. அது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். தாழ்த்தப்பட்ட மக்களையும் பழங்குடி மக்களையும் காப்பது. அதற்கும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். உதவிக்கு 14566.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பது இல்லை. கோர்ட்டில் சட்டப் பணிகள் குழு இருக்கும். போனில் கேட்க 15100.

எப்படி எழுதுவது?

ரயிலில் அக்கா ஒரு சின்ன நோட்டைக் கொடுத்தார்.

"இதுல எழுதி வை தங்கச்சி. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன சொன்னான், பக்கத்துல யார் இருந்தாங்க, எல்லாம் எழுது. மறந்து போறதுக்குள்ள எழுது."

"தப்பும் தவறுமா எழுதுவேன் அக்கா."

"எழுத்துப் பிழை இருந்தா என்ன? விஷயத்துல பிழை இல்லாம இருந்தாப் போதும்."

அக்கா சொன்னது சரி. வாயால் சொன்னது காற்றோடு போகும். "எனக்குத் தெரியாதே" என்பார்கள். எழுதிக் கொடுத்ததை அப்படித் தள்ள முடியாது. அதற்குத் தேதி உண்டு. கையெழுத்து உண்டு.

புகாரைக் கடைசியாகச் சம்பவம் நடந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கேட்கலாம். எழுதத் தெரியாதவர் என்ன செய்வது? எழுத உதவுவது குழுவின் கடமை. உடம்பு முடியாதவர் என்றால் அவருக்காக உறவினரோ தோழியோ கூட வேலை செய்பவரோ கொடுக்கலாம். புகாரோடு ஆறு பிரதி வைக்க வேண்டும். இன்னொரு பிரதி கையில் இருக்கட்டும். அதில் "பெற்றுக்கொண்டோம்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்குவது முக்கியம்.

செல்போனில் வந்த செய்தியை அருவருப்பில் அழித்துவிடக் கூடாது. அதுவும் சாட்சி.

அந்தப் பெண் எழுதிய கடிதம் இப்படி இருக்கும்:

பெறுநர்
தலைவர் அவர்கள்,
உள்ளகக் குழு,
.............. கம்பெனி, பெங்களூரு.

பொருள்: வேலை இடத்தில் பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகார்.

அம்மா,

வணக்கம். நான் மூன்றாவது லைனில் ஹெல்பராக வேலை செய்கிறேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் ............ என்னிடம் தவறாக நடக்கிறார். சென்ற மாதம் ..... தேதி காலை 11 மணிக்கு என் தோளில் கை வைத்தார். வேண்டாம் என்று சொன்னேன். ..... தேதி மாலை 4 மணிக்கு ஸ்டோர் ரூமுக்குத் தனியாக வரச் சொன்னார். நான் போகவில்லை. அதற்காக எல்லார் முன்னாலும் அசிங்கமாகத் திட்டினார். வேலையை விட்டு எடுப்பேன் என்று மிரட்டினார். அதைப் பார்த்தவர்கள் .........., ........... அவர்கள் விலாசம் கீழே இருக்கிறது.

இதை விசாரிக்க வேண்டும். விசாரணை முடியும் வரை என்னை வேறு லைனுக்கு, அல்லது அவரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
(கையெழுத்து)
தேதி:

பார்த்தீர்களா? கடினமான சொல் ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

புகார் கொடுத்த பிறகு

குழு இரண்டு பக்கமும் கேட்கும். சாட்சிகளைக் கேட்கும். இங்கே வக்கீல் கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் கிடையாது. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும்.

விசாரணை நடக்கும்போது அந்தப் பெண் லைன் மாற்றம் கேட்கலாம். மூன்று மாதம் வரை விடுமுறை கேட்கலாம். அவருக்கு உள்ள மற்ற விடுமுறையில் இதைக் கழிக்கக் கூடாது.

புகார் செய்தவரின் பெயரை யாரும் வெளியே சொல்லக் கூடாது. பத்திரிகையிலும் போடக் கூடாது. சட்டம் அப்படிச் சொல்கிறது. இந்தப் பேச்சிலும் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

"காசு வாங்கிக்கொண்டு விட்டுவிடு" என்று சிலர் சமாதானம் பேச வருவார்கள். பணம் கொடுத்துச் சமாதானம் செய்யச் சட்டத்தில் இடம் இல்லை. "நிரூபிக்காவிட்டால் உனக்குத்தான் தண்டனை" என்றும் பயமுறுத்துவார்கள். அதுவும் உண்மை இல்லை. வேண்டும் என்றே பொய்ப் புகார் கொடுத்தது தெரிந்தால்தான் நடவடிக்கை. சாட்சி போதவில்லை என்பதால் ஒரு புகார் பொய் ஆகிவிடாது.

அந்தப் பெண்ணின் கதை எப்படிப் போனது? மூன்று பேர் பார்த்தார்கள். ஒருவர் பயந்தார். "எனக்கு எதுக்கு வம்பு?" என்று ஒதுங்கினார். மற்ற இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் அந்த அக்கா. தப்பு நடந்தது உண்மை என்று குழு எழுதியது. அப்படி எழுதிவிட்டால் 60 நாளில் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். எச்சரிக்கை கொடுக்கலாம். சம்பள உயர்வை நிறுத்தலாம். வேலையை விட்டும் நீக்கலாம். அவனுடைய சம்பளத்தில் பிடித்து அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம்.

எல்லாப் புகாரும் இப்படி நல்லபடி முடியும் என்று சொல்ல முடியாது. சில கம்பெனியில் குழுவே இருக்காது. சில இடத்தில் பேருக்குக் குழு இருக்கும். முதலாளி பக்கம் பேசும். அப்போது சோர்ந்து போகக் கூடாது. குழுவின் முடிவு சரியில்லை என்றால் 90 நாளில் மேல்முறையீடு செய்யலாம். தொழிற்சங்கத்திடம் போகலாம். பெண்கள் அமைப்பிடம் போகலாம்.

சேர்ந்து நின்றால் மாற்றம் வரும் என்பதற்கு ஒரு சான்று பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் திண்டுக்கல் பக்கம் ஒரு துணிக் கம்பெனி. அங்கே வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். பெண்களே நடத்தும் ஒரு தொழிற்சங்கம் விடவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளும் துணை நின்றன. 2022 ஏப்ரலில் அந்தக் கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. அதற்குத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று பெயர். அங்கே தொழிலாளப் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணித்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஓர் உயிர் போன பிறகு வந்தது அது. உயிர் போவதற்கு முன்பே பேச வேண்டும்.

உலகம் முழுவதும் இந்தப் பேச்சு நடக்கிறது. 2019-ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. வன்முறையும் துன்புறுத்தலும் இல்லாத வேலை இடம் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது அது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

அண்ணன் தம்பிகளே, மனைவியோ தங்கையோ மகளோ வந்து சொன்னால் என்ன செய்வீர்கள்? "நாளையிலிருந்து வேலைக்குப் போகாதே" என்பது சுலபம். அப்படிச் சொன்னால் தப்பு செய்தவன் ஜெயித்துவிடுவான். அடுத்த முறை அவர்கள் வீட்டில் வாயே திறக்க மாட்டார்கள். "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள். "உனக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது கூடப் போங்கள்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கானது. ஆனால் சாதியால், மொழியால், உடல் குறையால் ஆண்களும் வேலை இடத்தில் அவமானப்படுகிறார்கள். அவர்களும் எழுதிக் கொடுக்கலாம். சங்கத்துக்குப் போகலாம். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். தேதி போட்டு எழுதும் வழி எல்லாருக்கும் ஒன்றுதான்.

அந்தப் பெண் இன்றும் அதே ரயிலில் போகிறார். சாப்பாட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டும் இருக்கிறது. இப்போது அதில் அவருக்காக எழுத ஒன்றும் இல்லை. ஆனாலும் வைத்திருக்கிறார். போன வாரம் புதிதாக வந்த ஒரு பெண் ஜன்னல் ஓரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இவர் நகர்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னம்மா, முகம் வாடிக் கெடக்கு?" என்று கேட்டார்.

வணக்கம்.

நினைவில் வைப்போம்

1. தப்பு செய்தவர் வெட்கப்பட வேண்டும். கஷ்டப்பட்டவர் வெட்கப்பட வேண்டாம்.
2. தேதி, நேரம், இடம், சாட்சி நான்கையும் எழுதி வைக்க வேண்டும்.
3. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.
4. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் என்றால் உள்ளகக் குழு. குறைவு என்றால் மாவட்ட உள்ளூர்க் குழு.
5. அவசரத்துக்கு 112. பெண்கள் உதவிக்கு 181. சட்ட உதவிக்கு 15100.

பேசிப் பார்ப்போம்

1. வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்கிறதா? அதன் தலைவர் யார்?
2. சாட்சி சொல்லப் பயந்த பெண்ணுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?
3. மேலே உள்ள கடிதத்தைப் பார்த்து நோட்டில் ஒரு முறை எழுதுங்கள். கடைசியில் உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பழகுங்கள்.